ஆபீசர் கேட்ட மீன்

தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு சுயம்புலிங்கம் சங்கரன்கோவில் மீன் சந்தைக்குள் நுழைந்தார். நாற்பத்திரண்டு வயதில் இதுதான் முதல் தடவை. மூன்று தலைமுறையாக முட்டைகூட உள்ளே வராத வீடு அவருடையது. மூச்சைப் பிடித்துக்கொண்டே பேசியதில் குரல் கீச்சென்று வந்தது.

"தாயி, இது என்ன மீனுன்னு சொல்லுதியா?"

மீன்காரி பேச்சித்தாய், அவர் வரைந்து நீட்டிய படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தாள்.

"இது கோழியில்லா அண்ணாச்சி?"

"கோழி இல்ல, கடல்மீனு. சிவப்பும் வெள்ளையுமா வரி இருக்கும். செட்டையெல்லாம் விசிறி மாதிரி விரிஞ்சிருக்கும்."

"குழம்புக்கா, பொரிக்கவா?"

"வளக்க."

பேச்சித்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "யாவாரத்தை மறைக்காதீய. ஒரு கால் கிலோ சாளையாவது வாங்கிட்டு நவருங்க."

அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். தப்பித்தால் போதுமென்று சாளையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார். எதிர்வீட்டுக் கோமதித்தாய் கத்திரிக்காய்க் கூடையோடு வாயைப் பிளந்து நின்றுகொண்டிருந்தாள்.

எல்லாம் ஆபீசரால் வந்த வினை. முந்தாநாள் அவர் குமாஸ்தா சுயம்புலிங்கத்தைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டார். கடையநல்லூரில் நஜ்முதீன் என்பவர் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் ஒரு கடல்மீன் இருக்கிறதாம். அடையாளம் சொல்லிவிட்டு, "அது என்ன மீன், வாங்கி வளர்க்கலாமா, உமக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "விசாரிச்சுத் திங்கட்கிழமை சொல்லிருதேன் சார்" என்று ஒப்புக்கொண்டு வந்துவிட்டார் இவர். ஆபீசர் சொன்ன அடையாளத்தை வைத்து வரைந்ததுதான் அந்தக் கோழி.

அது மாற்றல் போடுகிற மாதம். சுயம்புலிங்கம் பதினோரு வருஷம் ஊர் ஊராக அலைந்துவிட்டுப் போன வருஷம்தான் சொந்த ஊருக்கு வந்திருந்தார். மனைவி சுப்புலட்சுமிக்கு உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. பதினோரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மட்டுமே குடித்தனம் நடத்திய மனுஷன் அவர். இன்னொரு மாற்றலை அவரால் தாங்க முடியாது.

வீட்டுக்குப் போனால் கோமதித்தாய் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தாள்.

"பையைத் திறங்க" என்றாள் சுப்புலட்சுமி.

திறந்தார். அவள் பையோடு தூக்கித் தெருவில் எறிந்தாள். அவரை வாசலிலேயே நிறுத்தி நாலு குடம் தண்ணீர் ஊற்றினாள். தெருவிலிருந்த பூனைகள் அன்றைக்கே வாசலில் குடியேறிவிட்டன.

"ஏங்க, தெரியாதுன்னு ஒத்தை வார்த்தை சொல்லிட்டு வந்திருந்தா இந்தப் பாடு உண்டா?"

"தெரியாதுன்னு சொன்னா லிஸ்ட்ல முதப் பேரு நம்ம பேருதாம்ட்டி. ஒனக்கு ஆபீசு விவகாரம் புரியாது."

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கடையநல்லூருக்கு பஸ் ஏறினார். துபாயிலிருந்து திரும்பியிருந்த நஜ்முதீன், முன்னறையில் தொட்டியைக் காட்டினார். மீன் நிஜமாகவே கோழி மாதிரி செட்டையைச் சிலுப்பிக்கொண்டு நின்றது. நாம் வரைந்தது சரிதான் என்று சுயம்புலிங்கத்துக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

"இது பேரு என்ன பாய்?"

"பேரு எதுக்கு அண்ணாச்சி? கூப்பிட்டா வரவா போகுது?"

"ஒத்தையா கெடக்கே?"

"தூத்துக்குடியில இருந்து கொண்டாரப்ப அஞ்சு குட்டி மீனும் கூட இருந்துச்சு. தினம் ஒண்ணாக் காணோம். எங்கன போவுதுன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

மீன் சுயம்புலிங்கத்தையே பார்த்தது. அதன் வயிறு நன்றாக உப்பியிருந்தது.

"கையை மட்டும் உள்ள விட்டுறாதீய அண்ணாச்சி. எம் மச்சான் விட்டாரு. கை வீங்கி மூணு நாளு அழுதாரு."

சுயம்புலிங்கம் தொட்டியைவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். ஆபீசருக்கு இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். வாங்கலாம் என்று சொல்லி, அதுகளில் ஒன்று தொட்டிக்குள் விரலை விட்டால் மாற்றல். வேண்டாம் என்று சொல்லி ஆபீசர் மனம் கோணினாலும் மாற்றல். எதைச் சொன்னாலும் ஆதாரத்தோடு சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை தூத்துக்குடி போனார். ஒரு விலங்கியல் பேராசிரியரை வீடு தேடிப் பிடித்தார். அது லயன் ஃபிஷ், முதுகு முள்ளில் விஷம், பக்கத்திலிருக்கும் சின்ன மீனையெல்லாம் விழுங்கிவிடும் என்று அவர் சொல்லச் சொல்ல, நாற்பது பக்க நோட்டு நிறைந்தது.

"நம்ம ஊரு கிணத்துத் தண்ணியில உப்பைக் கரைச்சு ஊத்தினா ஆகாதா சார்?"

"மீன் வளக்கப் போறீங்களா, ரசம் வைக்கப் போறீங்களா?" என்றார் பேராசிரியர்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பதினோரு பக்கம் எழுதினார். 'வாங்க வேண்டாம்' என்ற கடைசி வரியை மூன்று தடவை திருப்பித் திருப்பிப் படித்தார். மொட்டையாக வேண்டாம் என்றால் ஆபீசருக்குக் கோபம் வராதா? ஆகவே பயமில்லாமல் வளர்க்கக்கூடிய ஒன்பது கடல்மீன்களின் பெயர், தீனி, குணம் எல்லாவற்றையும் எழுதி இணைப்பாகச் சேர்த்தார்.

"ஞாயித்துக்கிழமையும் இப்படிப் போச்சு" என்று சுப்புலட்சுமி முணுமுணுத்தாள்.

"இனிமே எல்லா நாளும் நமக்கு ஞாயித்துக்கிழமைதான், பாரு."

திங்கட்கிழமை ஆபீசர் ஒரு வரி விடாமல் படித்தார். சுயம்புலிங்கம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இணைப்பையும் படித்து முடித்த ஆபீசர் எழுந்து வந்து கை கொடுத்தார்.

"பிரமாதம்! இப்படி ஒரு ஆள் என் ஆபீஸ்ல இருக்கறது இத்தனை நாள் தெரியாமப் போச்சே!"

சுயம்புலிங்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சாயங்காலம் இருவரும் கோவிலுக்குப் போய், நேர்ந்துகொண்டபடி கோமதியம்மனுக்கு உப்பும் மிளகும் போட்டார்கள். அவர் இவ்வளவு நிம்மதியாகச் சிரித்துப் பார்த்து எத்தனையோ காலமாயிற்று என்று சுப்புலட்சுமிக்குக் கண் கலங்கியது.

பிரகாரத்தில் ஆபீஸ் பியூன் செல்லச்சாமி ஓடி வந்தார். கையில் ஒரு கவர்.

"வீட்டுக்குப் போனேன் அண்ணாச்சி. அங்கன பூனைகதான் இருந்துச்சு."

சுயம்புலிங்கம் பிரித்தார். மாற்றல் உத்தரவு. ராமேஸ்வரம் பக்கத்து மீன் ஆபீசில், ஒரு வாரத்துக்குள் சேர வேண்டும். ஐந்து வருஷம். சுப்புலட்சுமி அப்படியே தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நான் என்ன தப்பு செஞ்சேன் செல்லச்சாமி? அந்த மீனை வாங்க வேண்டாம்னு எழுதினது அவருக்குப் பிடிக்கலையோ?"

"அவரு எங்க மீன் வாங்குதாரு? மீன் தெரிஞ்ச குமாஸ்தா ஒருத்தரை அனுப்புன்னு மேல இருந்து கடுதாசி வந்திருக்கு. நம்ம ஆபீசு குமாஸ்தா எட்டுப் பேரையும் ஒவ்வொருத்தரா உள்ள கூப்பிட்டு இதே மீனைத்தான் கேட்டாரு. மத்த ஏழு பேரும் 'தெரியாது சார்'னுட்டு வந்துட்டாவ அண்ணாச்சி!"