பந்திக்கு வராதவர்கள்

ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. மூட்டை தூக்குகிறவர்களை இன்னும் காணவில்லை.

கூடாரம் தைப்பவரின் வீட்டில்தான் அந்த ஊர்ச் சபை கூடும். போன வாரம் துறைமுகத்தில் வேலை முடித்து அவர்கள் வருவதற்குள் மற்றவர்கள் பானையை வழித்துவிட்டார்கள். முதலில் கை வைத்தவர் வீட்டுக்காரரேதான். விஷயம் அப்போஸ்தலர் காதுக்கு எட்டி, கூடிச் சாப்பிடுகிறவர்கள் காத்திருந்து சாப்பிடக்கூடாதா என்று அவர் கண்டித்துச் சொல்லியனுப்பிவிட்டார். கூனிக்குறுகிப்போன தையல்காரர் மூட்டை தூக்குகிறவர்களின் குடியிருப்புக்கே போய், தேம்பித் தேம்பி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருந்தார்.

எனவே இன்று யாரும் எதையும் தொடவில்லை. பசியில் அறையே மிதந்தது. உத்தரத்தில் தொங்கிய பாதி தைத்த துணிகள் மேகம்போல் உப்பி அடங்கின. ஜெபிக்க எழுந்த எண்ணெய் வியாபாரி, “பரலோகத்திலிருக்கிற ரொட்டியே” என்று தொடங்கி, திகைத்து உட்கார்ந்துவிட்டார்.

“மச்சான், ஒரு நடை போய் அவங்களைக் கூட்டிட்டு வாங்களேன்” என்றார் தையல்காரர்.

போன மச்சான் திரும்பவில்லை. தம்பியைத் தேடித் தையல்காரரின் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினாள். அவளும் வரவில்லை. அவளைத் தேட இரண்டு பேர், அந்த இரண்டு பேரைத் தேட நான்கு பேர் என்று ஒவ்வொருவராக அந்திப் புகைமூட்டத்துக்குள் கரைந்துபோனார்கள். கடைசியாக எண்ணெய் வியாபாரியும் போனார்.

ரொட்டியும் தையல்காரரும் மட்டும் மிஞ்சினார்கள். அவருக்குக் கண் சொக்கியது. திடுக்கிட்டு விழித்தபோது தெருவில் சத்தமே இல்லை. மேற்கே வானம் மட்டும் பொன்னாக விரிந்து கிடந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. ஆண்டவர் வந்துவிட்டார். எல்லோரையும் மேலே எடுத்துக்கொண்டு, போன வாரம் முந்திச் சாப்பிட்டவனை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடினார். அண்ணாந்து பார்த்தபடியே ஓடியதில் மூட்டை தூக்குகிறவர்களின் வீட்டுக் கதவில் நெற்றி இடித்தது. கதவு திறந்துகொண்டது.

உள்ளே விளக்கு எரிந்தது. சபை முழுவதும் இருந்தது, மனைவியும் மச்சானும் உட்பட. நடுவில் மூடி வைத்த பெரிய பானை. இவர் பின்னாலேயே வந்துவிடுவார் என்று நம்பி, வந்தவர்களெல்லாம் அங்கேயே உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். ஒருவரும் சாப்பிடவில்லை. அத்தனை கண்களும் இவரைப் பசியோடு பார்த்தன.

மூட்டை தூக்குகிறவர் ஒருவரின் மனைவி நகர்ந்து இடம் விட்டாள்.

“இந்த வாரம் பந்தி எங்க வீட்டுலன்னு அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னோம்ணே, நீங்க அழுகையை நிறுத்துனாத்தானே காதுல விழும்?”