நீயே டீச்சரின் கைகள்

"சுமதியைப் பால்வாடியில் சேர்த்தாயிற்று. டீச்சருக்குக் கை இல்லை."

என் பழைய நாட்குறிப்பில் இப்படி இரண்டு வரி இருக்கிறது. தேதி போடாமல் எதையும் எழுதாதவன் நான். ஆனால் அந்தப் பக்கத்துத் தேதியை, தானே தண்ணீர் ஊற்றிக் குடிக்கக் கற்றுக்கொண்ட என் மகள் சுமதி கரைத்துவிட்டாள். எழுபதுகளின் கடைசி, மோகனூரில் கரும்பு வெட்டுக் காலம் என்ற அளவுக்குத்தான் என்னால் உறுதி சொல்ல முடியும்.

கையைப் பின்னால் வைத்துக்கொண்டே ஓர் ஊரைக் கதிகலங்க அடித்தவர் நீயே டீச்சர் ஒருவர்தான். சொந்தப் பெயர் ஏதோ இருந்திருக்கும். எந்தக் குழந்தை எதைக் கேட்டாலும் "நீயே பண்ணு சாமி" என்பார், அதுவே பெயராகிவிட்டது. முந்தானையைப் பின்பக்கமாக இழுத்துப் போர்த்தி, இரண்டு கைகளையும் அதற்குள் ஒளித்துக்கொண்டு, முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் நிற்பார். பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்வரை அந்தக் கைகளை யாரும் பார்த்ததில்லை. தரையில் சாக்பீஸ் கோடு போடுவதுகூட ஆயா பாவாயிதான். அந்தக் கோட்டைத் தாண்டிப் பெற்றோர் வரக்கூடாது.

முதல் நாளே சுமதியின் கவுன் பொத்தான் அவிழ்ந்தது.

"போட்டு உடுங்க டீச்சர்."

"நீயே போடு சாமி."

போட்டாள். மேல் பொத்தான் கீழ் ஓட்டையில், கீழ் பொத்தான் எங்குமில்லை, தொப்புள் ஊருக்கே தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற நான் என்னை அறியாமல் காற்றில் பொத்தான் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க சுமதியப்பா, உங்க கைய ஜோப்புக்குள்ள போடுங்க."

போட்டேன். அந்தப் பருவம் முழுக்க என் கைகள் ஜோப்புக்குள்தான் கிடந்தன.

பல ஏக்கர் கரும்பு வைத்திருந்த பெரிய தோட்டக்காரர் ஒருவரின் பேரன் அதுவரை பண்ணையாளின் இடுப்பிலேயே வளர்ந்தவன். அவனைச் சுமந்து வந்தவரை டீச்சர் வாசலிலேயே நிறுத்தினார்.

"தம்பிக்குக் காலு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"அது எதுக்குங்க?"

அவர் யோசித்துப் பார்த்து, பையனை இறக்கிவிட்டார். பையன் ஒரு காலைப் பார்த்தான், மறு காலைப் பார்த்தான். மதியம் சோறு வரும்போதுதான் கோட்டைத் தாண்டி உள்ளே வந்து சேர்ந்தான்.

அந்தச் சோற்றுக்கான வெண்டைக்காயைப் பிள்ளைகளே நறுக்கினார்கள், நிஜக் கத்தியால். தாய்மார்கள் திரண்டு வந்தார்கள்.

"ஊட்டுல அருவாமனைப் பக்கமே உடமாட்டோமுங்க!"

"அதுக்குத்தானுங்க இங்க உடறேன்."

குழந்தை வளர்ப்பைப் பற்றிக் கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்துப் பார்த்தேன். எதிலும் வெண்டைக்காய் இல்லை.

கரும்பு வண்டியும் இல்லை. அதுதான் பெரிய கவலை. பால்வாடிக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஆலைக்குப் போகும் சாலை. வெட்டுக் காலத்தில் மாட்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, சுவர் நகர்வதுபோலக் கரும்பு ஏற்றிப் போகும். அந்தச் சாலையைப் பிள்ளைகள் தனியாகத் தாண்டப்போகிறார்கள் என்று டீச்சர் அறிவித்தார். முதலில் சுமதி.

வகுப்புக்குள் ஒத்திகை நடந்தது. தோட்டக்காரர் பேரன்தான் மாடு. "வண்டிக்காரர் கையப் பாரு சாமி. கயித்த இழுத்துப் புடிச்சாருன்னா தாண்டு." மாடு மட்டும் யார் கையையும் பார்க்காது, முட்டிக்கொண்டே வரும். சுமதி "ஹோ… ஹோ…" என்று அதட்டினால்தான் நிற்கும்.

அந்த நாள் வந்தது. எதிர்ப்பக்கம் வீட்டு வாசலில் என் மனைவி. பால்வாடி வாசலில், அன்றைக்கென்று பாவாயி போட்ட புதுக் கோட்டுக்குப் பின்னால் நான். எனக்கு முன்னால் சாலையோரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு டீச்சர். ஒரு வண்டி கடந்தது. சுமதி அடுத்த வண்டிக்காரரின் கையைத் தேடியபடி நடுச்சாலை வரை போய்விட்டாள்.

கையைக் காணோம். வண்டிக்காரர் கரும்பின் மேல் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஆலைக்கு வழி தெரிந்த மாடுகள் தம்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தன. யார் கயிற்றை இழுப்பது?

"டீச்சர்!" என்று கத்தினேன். டீச்சர் திரும்பவில்லை. "கோட்டுக்குப் பொறகால நில்லுங்க" என்றார். நான் கோட்டைத் தாண்டி ஓடினேன்.

டீச்சரை எட்டுவதற்குள் காற்றில் அவர் முந்தானை விலகியது. முதல்முறையாக அந்தக் கைகளைப் பார்த்தேன். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துச் சிவப்பு ரிப்பனால் கட்டியிருந்தது. அந்தக் கைகள் கட்டை அறுக்கப் பார்ப்பதுபோல இழுத்துக்கொண்டிருந்தன.

நடுச்சாலையில் சுமதி மாடுகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஹோ… ஹோ…"

மாடுகள் நின்றன. பின்னால் வந்த வண்டிகளும் வரிசையாக நின்றன. மேலே வண்டிக்காரர் வாரிச் சுருட்டி எழுந்தார்.

"ஆலை வந்துருச்சா?"

"இன்னும் இல்லீங்க மாமா. நா ஊட்டுக்குப் போயிக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு, சுமதி அவசரமில்லாமல் நடந்து தன் அம்மாவிடம் போனாள்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். அதே முகம். குரல் மட்டும் கிசுகிசுத்தது.

"சுமதியப்பா… இதக் கொஞ்சம் அவுத்து உடுங்க."

"நீங்களே அவிழ்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல, அத்தனை மாதங்களாகக் காத்திருந்த நாக்கு எழுந்தது. அதற்குள் என் கைகள் ஜோப்பிலிருந்து வெளியே வந்துவிட்டன. நுனியைப் பிடித்து இழுத்தாலே அவிழ்கிற பூ முடிச்சுதான் அது. அவர் இழுத்த இழுப்பில் கெட்டி முடிச்சாகியிருந்தது. என்னால் பிரிக்க முடியவில்லை. உள்ளேயிருந்து வெண்டைக்காய்க் கத்தியை வாங்கி வந்துதான் அறுத்தோம்.

அன்றைக்கு மட்டும் கட்டியிருந்தாரா, தினமுமா? தன் கையைத் தானே பின்னால் கட்டிக்கொள்ள முடியாது. கட்டிவிட ஆள் வேண்டும். ஆயா பாவாயியிடம் பிற்பாடு பலமுறை கேட்டேன். "எனக்கென்னுங்க தெரியும்?" என்று சிரித்துவிட்டுப் போவார். ஆகவே, எந்தப் பிள்ளைக்கும் யாரும் எதையும் செய்துவிட விடாத நீயே டீச்சருக்குத் தினமும் காலையில் ஒருவர் ரிப்பன் கட்டிவிட்டார் என்பது இன்றுவரை சரிபார்க்கப்படாத தகவல். அந்த முடிச்சு எவ்வளவு இறுகியிருந்தது என்பதற்கு மட்டும் நான் சாட்சி.