கத்திக்காரரும் வெட்டாத பக்கங்களும்

முருகனுக்கே கோபம் தணிந்த ஊர் என்று திருத்தணிக்குப் பெயர். அந்த ஊருக்கு மாதா மாதம் வந்து, கொஞ்சம்கூடத் தணியாமல் திரும்பிப்போன ஒரே மனிதர் எங்கள் கத்திக்காரர்தான்.

யுத்த காலம். நான் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். அரக்கோணம் வண்டியிலிருந்து தகரப்பெட்டியோடு இறங்குவார். பெட்டி நிறையப் புதுக் கிறிஸ்தவப் புத்தகங்கள்: சபை சரித்திரம், வேத விளக்கம், விசுவாசி வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லும் புத்தகம். அப்போது பல புத்தகங்கள் ஓரம் வெட்டாமலே வரும். தாள் மடித்தபடி இருக்கும். வாங்கினவர்தான் மடிப்பைக் கத்தியால் கிழித்துப் படிக்க வேண்டும். அதைக் கிழித்துக் காட்டவே இடுப்பில் ஒரு சின்னக் கத்தி செருகியிருப்பார்.

விற்றதோடு விடுகிற ஆளா? அடுத்த மாதம் வீடு தேடி வந்து புத்தகத்தைக் காட்டச் சொல்வார். மடிப்பு வெட்டவில்லையென்றால் படிக்கவில்லை என்று தீர்ப்பு. கொடுத்த விலையை வீசிவிட்டுப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போவார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கட்டிலின் குட்டைக் காலுக்குச் சபை சரித்திரத்தை முட்டுக் கொடுத்திருந்தார். வாத்தியார் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போதே அதை உருவினார் மனிதர். வாத்தியார் உருண்டது பக்கத்துத் தெரு வரை கேட்டதாம்.

என்னையும் விட்டாரா? திருப்பதி போகிற கூட்டம் டிக்கெட்டுக்கு நெருக்கியடிக்கும் நேரத்தில் ஜன்னலுக்குள் தலையை விட்டு, எனக்கு விற்ற புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பார். கூட்டம் என்னைத் திட்டும். நான் அவரைத் திட்டுவேன். அவர் எல்லோரையும் திட்டுவார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ரூத்தம்மா விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. ரூத்தம்மா எங்கள் ரயில் பாதையில் வேலை செய்த கூலிக்காரனின் பெண்சாதி. புதிதாக ஞானஸ்நானம் பெற்றவள். முப்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவள். அந்த ஞாயிற்றுக்கிழமை அரக்கோணத்துப் பாதிரி ஐயர் வந்து, விசுவாசி வீட்டில் நடந்துகொள்வதைச் சொல்லும் அந்தப் புத்தகத்திலிருந்து கேள்வி கேட்பார். சரியாகச் சொன்னால்தான் முதல் ராப்போஜனம், சபையாரோடு அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற பாக்கியம். அதற்கு இரண்டு நாள் இருக்கும்போது இவர் போய், மடிப்பு வெட்டவில்லை என்று அந்தப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அவள் அழுதுகொண்டே ஸ்டேஷனுக்கு ஓடிவந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டு, வண்டிக்குக் காத்திருந்த கத்திக்காரரைத் தேடி பிளாட்பாரத்துக்குப் போனேன். "நீர் இன்னாய்யா வேதம் விக்கிறவரா, ஜப்தி பண்றவரா?" என்று கத்தினேன்.

"படிக்காதவளுக்கு எதுக்கு புஸ்தகம்? ஒரு பக்கம் வெட்டல, பாரு" என்று அவரும் கத்தினார்.

ரூத்தம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "சாமி சமாச்சாரம் இருக்கற புஸ்தகத்துல கத்தி வெக்கலாமா நைனா? பாவம்னு வெட்டல. மடிப்புல வெரல வுட்டு, உப்ப வெச்சி, உள்ள எட்டிப் பாத்துகினே படிச்சேன்."

அவர் நம்பவில்லை. புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கோபத்தைப் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். கேட்க வேறு விஷயமே கிடைக்கவில்லை அவருக்கு.

"கோவக்காரன் வூட்டுல அடுப்புகூட பயந்துகினே எரியும்னு போட்டுகீது நைனா."

கத்திக்காரர் மடிப்பை விரலால் உப்பவைத்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தார். அவள் சொன்ன வரி அப்படியே இருந்தது. அரக்கோணம் வண்டி வந்தது, அவர் ஏறவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்து, அவள் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாக வெட்டினார். "பாவம் என்னோட போகட்டும்மா" என்று சொல்லிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ரூத்தம்மாவுக்கு ராப்போஜனம் கிடைத்தது.

அதன்பிறகு எல்லாப் புத்தகத்தையும் அவரே வெட்டித்தான் விற்றார். யார் படித்தார்கள், யார் படிக்கவில்லை என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் போயிற்று. வாத்தியார் புதுச் சபை சரித்திரம் வாங்கி நிம்மதியாகத் தூங்கினார். கத்திக்காரர் ஒரு வீட்டுக்கும் திரும்பிப் போவதில்லை. என் ஜன்னல் பக்கமும் வருவதில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒருநாள் நானே போய் ஒரு புத்தகம் கேட்டேன். கத்தியை எடுத்தார். என்னுடையதை வெட்டவேண்டாம் என்றேன்.

"ஏன், நீயும் பாவம்னு பாக்கறியா?" என்று முறைத்தார்.

இல்லை. வெட்டாமல் இருந்தால்தானே அடுத்த மாதம் திட்டுவதற்காவது வருவார்.