மருமகனுக்கு மண்டாடியார் வைத்த சோதனை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஏழு பிள்ளைகளைப் பெற்று ஏழு பேரையும் ஆளாக்கினேன். எத்தனையோ மனிதரைக் கண்டிருக்கிறேன். ஆனால் எங்கள் ஊர் ஓலைத்தொடுவாய் மண்டாடியாரைப் போல, அடுத்தவன் ஓட்டுகிற எதையும் நம்பாத ஒருவரை மன்னார்த் தீவு முழுக்கத் தேடினாலும் காண முடியாது.

முப்பது வருடம் மீன்பிடிப் படகுக்குத் தலைவனாக நின்று, கூடப் போனவர்களையெல்லாம் திருப்பிக் கொண்டுவந்தவர். அதனால் மண்டாடியார் என்பதே பெயராகிவிட்டது. ஞானஸ்நானப் பெயர் சுவாமியாருக்கே மறந்துபோயிற்று. பஸ்ஸில் ஏறுமுன் சாரதியிடம் போய், "ராவு நித்திரை கொண்டனீரோ?" என்று கேட்பார். பதில் பிடிக்காவிட்டால் நடை. ஒருமுறை வங்காலையில் ஒரு கலியாணத்துக்கு அப்படி நடந்தே போய்ச் சேர்ந்தபோது, விருந்து முடிந்து சோறாக்கிய கிடாரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

கொழும்பில் பல் வைத்தியராக இருக்கும் என் கடைசி மருமகன் விமானம் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தார். எங்கள் கோயில் திருநாளுக்குக் குட்டி விமானம் ஒன்றில் வந்து இறங்கினார். மறுநாள் காலை என் மகளையும் என்னையும் ஏற்றி ஊருக்கு மேலே சுற்றிக் காட்டுவதாக ஏற்பாடு. அயலூர் தாராபுரம் வரைக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

அவர் பத்திரமாக ஓட்டுவாரா என்று ஊரே கூடித் தீர்ப்புச் சொன்னது. வாத்தியார் அவருடைய ஆங்கிலத்தைக் கேட்டுத் திருப்திப்பட்டார். மீனவர் சங்கத் தலைவர் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தே பூமாலைக்குச் சொல்லிவிட்டார். மண்டாடியார் மட்டும் லைசென்ஸைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கடுதாசி நல்லாப் பறக்கும்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஏறப்போவது என் மகள் அல்லவா? அந்தச் சொல் இரவெல்லாம் குத்தியது.

விடிய, சோளகக் காற்று பேயாய் அடித்தது. ஓடுபாதை ஓரம் சனம், மாலை, மேளம். மருமகன் விமானத்தைச் சுற்றி வந்து பார்த்தார். கம்பத்தில் காற்றுத் திசை காட்டும் பையைப் பார்த்தார். நெற்றியைச் சொறிந்தார்.

மண்டாடியார் முன்னுக்கு வந்தார்.

"என்ன தம்பி, பயமோ? ஊரே பாத்துக்கொண்டு நிக்குது. உந்தக் காத்துக்கு எங்கட கிழவியளே வலை காயப்போடுவினம்!"

சனம் சிரித்தது. நானும் சும்மா இருக்கவில்லை. "ஒரு சுத்துத்தானே மருமகன்!"

அவருக்கு முகம் சிவந்தது. "இல்லை மாமி. காத்து பக்கத்தால அடிக்குது. இதுக்குள்ள எடுக்கிற அளவுக்கு எனக்கு இன்னும் பழக்கமில்லை. இண்டைக்கு ஏலாது."

எவனோ கேலியாகக் கூவினான். தலைவர் மாலையைச் சுருட்டிப் பையில் வைத்தார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மண்டாடியாரோ கடைவாய் தெரியச் சிரித்தார். "அக்கா, மகளை இவரோட பயமில்லாமல் விடுங்கோ. புதுசா மண்டாடி ஆனவனை நான் இப்பிடித்தான் சீண்டிப் பாக்கிறனான். ரோசத்தில படகைத் தள்ளினவனோட என்ர பிள்ளையள ஒருநாளும் விட்டதில்லை."

"அவர் ரோசப்பட்டு எடுத்திருந்தால்?" என்று கத்தினேன்.

"எங்க எடுக்கிறது? விடியவே வந்து விமானத்தின்ர சில்லைக் கயித்தால முளையோட கட்டிப்போட்டன்."

"கண்டனான் ஐயா," என்றார் மருமகன். "நல்ல முடிச்சு. காத்துக்கு ஆரோ கட்டினது எண்டு விட்டனான்."

மண்டாடியார் போய்த் தன் முடிச்சைத் தானே இன்னொருமுறை இழுத்துப் பார்த்தார்.

மறுநாள் காற்று விழுந்தது. பறந்தோம். நாங்கள் இறங்கும்வரை மண்டாடியார் வெயிலில் அண்ணாந்தபடியே நின்றாராம். மூன்று நாள் கழுத்துத் திரும்பவில்லை. போன தவக்காலத்தில் அவரை அடக்கம் செய்தோம்.

அனித்தா, நான் சொல்லச் சொல்ல நீ எழுதின இதை ஒருக்கா உரத்து வாசி பிள்ளை. மனிசனைக் கூடுதலாகப் பகிடி பண்ணியிருந்தால் அந்த இடத்தை வெட்டிவிடு.