இருமடங்குத் துப்பாக்கி

ஆயுதத் தொழிற்சாலையில் அறுபது வருடமாக ஒரே துப்பாக்கியைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். சேற்றில் போட்டாலும் சுடும், மணலில் புதைத்து எடுத்தாலும் சுடும். குறையே வராத பொருளுக்கு ஓர் இயக்குநர் எதற்கு என்று மேலிடம் கேட்டுவிட்டால்? ஆகவே இயக்குநர் ‘பெரிதாக யோசிப்பது எப்படி’ என்ற பயிற்சிக்குப் போனார். சான்றிதழோடு திரும்பிய அன்றே வடிவமைப்பு இன்ஜினியரைக் கூப்பிட்டனுப்பினார்.

"நம்ம துப்பாக்கியை ரெண்டு மடங்கு பெரிசாக்கணும். எல்லா அளவையும் ரெண்டால பெருக்குங்க. அவ்வளவுதான்."

இன்ஜினியர் சாதுவான மனிதர். "நீளம், அகலம், தடிமன் மூணும் ரெண்டு மடங்கானா எடை எட்டு மடங்காயிடும் சார்."

"நான் ரெண்டு மடங்குக்குத்தானே உத்தரவு போட்டேன்? மிச்ச ஆறு மடங்குக்கு யார் அனுமதி கொடுத்தது?"

"விசை தள்ளிப் போயிடும் சார். விரல் எட்டாது."

"விரல் ஆளெடுப்புப் பிரிவோட பொறுப்பு. அதுல நாம தலையிடக் கூடாது."

"சுட்டா பின்னால பயங்கரமா உதைக்கும் சார். தோள்பட்டை நொறுங்கிடும்."

இயக்குநர் வரைபடத்தை மேசைமேல் விரித்து மேலும் கீழும் தேடினார். "இதுல உதை எங்கய்யா இருக்கு? இல்லாததை எப்படிப் பெருக்குவீங்க?"

இன்ஜினியர் வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

வேலை மளமளவென்று நடந்தது. மாதிரித் துப்பாக்கியை யாரோ எப்போதோ கீழே போட்டதில் அதன் கட்டையில் ஒரு சின்னப் பள்ளம். அது வரைபடத்திலும் ஏறியிருந்ததால் அதையும் இரண்டால் பெருக்கினார்கள். டீ டம்ளர் வைக்க வசதியாக இருந்தது. இன்ஜினியருக்குத்தான் தூக்கம் போயிற்று. புதிய ஆயுதத்தின் முதல் வெடியை வடிவமைத்தவரே சுட வேண்டும் என்பது விதி.

"வேற யாரையாவது சுடச் சொல்லக் கூடாதாங்க?" என்றாள் மனைவி. "பாப்பா உங்க வலது தோள்ல உக்காந்தாத்தானே சாப்பிடுறா."

சோதனை நாளில் நான்கு பேர் துப்பாக்கியைத் தூக்கி வந்து ஒரு முக்காலியின்மேல் வைத்து, அடிக்கட்டையை அவர் வலது தோளில் சாத்திவிட்டு ஓடிப்போனார்கள். இலக்குப் பலகை தாழ்வான இடத்தில் இருந்ததால் குழாய் கீழே பார்த்துச் சாய்ந்திருந்தது. இயக்குநர் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தார். தோட்டாப் பிரிவு அதிகாரி தோட்டாவைக் கொண்டுவந்தார். பழைய அளவுத் தோட்டா!

"பெரிசு எங்க சார்?"

"எங்களுக்கு யாரும் சொல்லலையே. உத்தரவு துப்பாக்கிக்குத்தானே?"

இன்ஜினியருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. உள்ளே போட்ட தோட்டா குழாய் நெடுக உருண்டு, வாய் வழியாகப் புல்லில் விழுந்தது. அவர் இரண்டு கையாலும் விசையை இழுத்தார். ‘டிக்’ என்றது.

இயக்குநர் எட்டிப் பார்த்தார். "உதைச்சுதா?"

"இல்ல சார்."

"சத்தம்?"

"அதுவும் இல்ல சார்."

"உதையில்லாத, சத்தமில்லாத துப்பாக்கி!" என்று இயக்குநர் துள்ளினார். எல்லாரும் கை தட்டினார்கள். தோட்டாவைப் பற்றி யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் தோட்டா அதிகாரி ஓங்கித் தட்டினார். பலகையில் ஓட்டை விழாதது பலகைப் பிரிவின் பொறுப்பு என்று முடிவாயிற்று. உண்மை இன்ஜினியரின் நாக்கு நுனிவரை வந்தது. தோள் தப்பித்த சந்தோஷத்தில் அதை விழுங்கிவிட்டு, உதை அறவே இல்லை என்ற அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். பதவி உயர்வும் வந்தது.

அடுத்த மாதம் தோட்டா அதிகாரியும் அதே பயிற்சிக்குப் போய்வந்தார்.

இயக்குநர் இன்ஜினியரைக் கூப்பிட்டார். "தோட்டாவையும் ரெண்டு மடங்காக்கிட்டாங்க. கச்சிதமாப் பொருந்துது. நாளைக்கு நீங்கதான் சுடுறீங்க."

"சார், உதை..."

"உதைக்காதுன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க? இந்தத் தடவை மணல் மூட்டையெல்லாம் கிடையாது. நாங்க எல்லாரும் உங்க முதுகை ஒட்டி நின்னு போட்டோ எடுத்துக்கப் போறோம்."

அன்று சாயங்காலம் பாப்பா கைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். இன்ஜினியர் அவளை இடது தோளில் உட்கார வைத்தார். அவள் சிணுங்கினாள்.

"இனிமே இந்தப் பக்கம் பழகிக்கோடா கண்ணு," என்றார்.