கூப்பிடாமல் கும்பிட்ட பொம்மை

டீக்குப் போகும்போது பதினாலு. திரும்பி வந்தால் இருபத்து மூன்று!

சென்னகிருஷ்ணன் கம்ப்யூட்டர் திரையை முறைத்தான். மௌஸ் அம்பு அவன் விட்டுப்போன மூலையிலேயே கிடந்தது. அறையில் ஒருவரும் இல்லை. பிறகு யாருக்காம் இவள் ஒன்பது கும்பிடு போட்டாள்?

தொண்ணூற்றேழில், காந்திபுரத்து மாடி அறை ஒன்றில் குழந்தைகளுக்கான விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தான் அவன். திரையில் ஒரு வீடு, வாசலில் பாவாடை கட்டிய பொம்மைப் பெண். அம்பு அவள்மேல் பட்டால் பன்னிரண்டு படங்கள் வரிசையாக ஓடும். கை குவியும், "வாங்க" என்பாள். எத்தனை முறை கும்பிட்டாள் என்று ஓரத்தில் ஓர் எண் காட்டும்.

அவளை விட்டால் கோயமுத்தூரில் அவனை வாங்க என்று சொல்ல ஆளில்லை. தாராபுரத்திலிருந்து வந்து ஐந்து மாதம். லாட்ஜில் பக்கத்து அறைக்காரர் பெயர்கூடத் தெரியாது. காலையில் முதல் வேலையாக அம்பை அவள்மேல் வைப்பான். வெட்கக்கேடுதான். ஆனால் அந்த ஒரு "வாங்க" இல்லாமல் அவனுக்கு நாள் ஓடாது.

முதலாளி காளிச்சாமி காலையிலேயே சொல்லிவிட்டார்: "நாளைக்கு இந்த வெளையாட்ட வெலைக்குப் பாக்க மெட்ராஸ்காரங்க வர்றாங்க தம்பி. பொம்மை சொதப்புச்சுன்னா இந்த ஆபீஸைச் சாத்திப்போட்டு, நீங்க நம்ம மில்லு குடோனுக்கு வந்துருங்க."

பொம்மையைச் சுற்றி அம்பை உணரும் கட்டம் பெரிது, அதுதான் காற்றுப் பட்டாலே கும்பிடுகிறாள் என்று முடிவு கட்டி, சுருக்கினான். சுருக்கியது அதிகமாகி, மூக்கு நுனியில் குத்தினால்தான் கும்பிட்டாள். சாப்பிட்டு வந்து பார்த்தான். முப்பத்தொன்று!

"அடிப்பாவி!"

அம்பு உள்ளே வந்ததா, வெளியே போனதா என்று நினைவு வைக்கும்படி எழுதினான். அவள் நிறுத்தவே மறந்து "வாங்க வாங்க வாங்க" என்று கத்தினாள். பெருக்க வந்த சின்னாத்தாள் சிரித்தாள். அவன் காலைத் தூக்கிக்கொண்டான், தலையைத் தூக்கவில்லை.

அவசரத்தில் ஏதோ ஒன்றைத் தலைகீழாகப் போட்ட நேரம் பார்த்துக் காளிச்சாமி வந்தார். அம்பைப் பொம்மையிடம் கொண்டுபோனார். அவள் அசையவில்லை. அம்பை விலக்கினார். "வாங்க!" என்றாள்.

"ஏனுங்க தம்பி, வந்தா மூஞ்சியத் திருப்பிக்கறா, கெளம்புனா வாங்கங்கறா! என்ற சம்பந்தி ஊடு மாதிரியே இருக்குதுங்களே?"

"சரி பண்ணிப்போடறனுங்க."

"பண்ணுங்க. இல்லீன்னா குடோனுதான்."

அவர் போனதும் எல்லாத் திருத்தத்தையும் அழித்துப் பழையபடி வைத்தான். இப்போது மௌஸ் மேலேயே சந்தேகம். அதை இருந்த இடத்தில் விட்டு, கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டு நாலு மணி டீக்குப் போனான். குடோனில் பொம்மைகூட இருக்காதே என்று நினைத்து, டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

திரும்பி வந்தால் எண் அசையவே இல்லை! அப்பாடா, கோளாறு மௌஸில்தான். வேறு மௌஸ் மாட்டினால் தீர்ந்தது.

துடைப்பத்தோடு ஓரமாக நின்ற சின்னாத்தாளின் முகம் வாடியிருந்தது.

"ஏனுங்க சார், அந்த அம்மணிக்கு என்னாச்சுங்க? எத்தன தேச்சாலும் பேச மாட்டேங்கறா."

"மௌஸத் தொட்டது நீங்களா?"

"நீங்க வெளிய போனீங்கன்னா தொடுவேனுங்க. அம்ப இருந்த மூலைலயே உட்டுருவேன். கோவிச்சுக்காதீங்க சார்... ஆறு வருசமா இந்த மாடியப் பெருக்கறேன், என்னய 'வாங்க'ன்னு ஒரு வார்த்த கேட்டது அவ ஒருத்திதானுங்க."