விடுபட்ட ஒரு ஸ்லைட்

பெண் பார்க்கப் போகும்போது வெள்ளைக்கார நண்பனைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். எதை மறைக்க வேண்டும் என்ற அறிவே அவர்களுக்குக் கிடையாது. அலுவலக நண்பன் பீற்றரை நான் ஹரோவுக்கு அழைத்துப் போனதற்கு ஒரே காரணம், அவனிடம் ஸ்லைட் புரொஜெக்டர் இருந்ததுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனில், லூயிஷாமில் ஓர் அறையில் இருந்துகொண்டு கலியாணத்துக்கு ஏங்கிக்கொண்டிருந்தேன். ஹரோவில் ஒரு டொக்டரின் மகள், பெயர் வதனி. மலை ஏறுகிறவரைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாளாம். (எங்கட ஆக்களில இப்பிடியும் ஒரு பிள்ளை!) நானோ அப்போதுதான் பீற்றரோடு நேபாளம் போய், மலைக் கிராமத்து வீடுகளில் தங்கித் தங்கி நடந்துவிட்டு வந்திருந்தேன். விடுவேனா? "முழு வழியும் நடைதான். பீற்றரின்ர பையையும் நான்தான் தூக்கினனான்" என்று தரகரிடம் அளந்துவிட்டேன்.

"அப்ப படங்களைக் கொண்டு வாரும் தம்பி, பாப்பம்" என்றார் டொக்டர்.

ஒரேயொரு படத்தை மட்டும் உருவி, ஸ்லைட் பெட்டியின் மூடிக்குள் ஒளித்துவைத்தேன்.

டொக்டர் வீட்டு முன்னறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, வடையும் தேநீருமாக எல்லாரும் உட்கார்ந்தார்கள். சுவரில் பனிமலை வந்தது. படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக வயல்கள் வந்தன. "இவதான் நாங்கள் தங்கின வீட்டு அம்மா" என்றேன். வதனி கதிரையை முன்னால் இழுத்துப் போட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அப்போது பீற்றர், "ஒரு படம் விடுபட்டிருந்தது. நல்லவேளை, கண்டுபிடித்துவிட்டேன்" என்று ஆங்கிலத்தில் பெருமையோடு சொல்லி, பொத்தானை அமத்தினான்.

அதே அம்மா மலையிறங்கிக்கொண்டிருக்கிறார். நெற்றியில் பட்டி, அதில் தொங்கியபடி முதுகில் கூடை. கூடைக்குள் நான். முழங்கால் நாடியில் முட்டுகிறது. ஒரு கையில் வரைபடம். மறுகையால் வழி காட்டுகிறேன். போதாக்குறைக்கு நான் பின்பக்கம் பார்த்து இருந்ததால், காட்டுவது வந்த வழியை.

"ஐயோ, தம்பிக்குக் கால் முறிஞ்சு போச்சோ?" என்று பதறினார் வதனியின் அம்மா.

"இல்லை மாமி... சோறு."

சொல்லத்தான் வேண்டியிருந்தது. தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால் போட்டவருக்கு அவமரியாதை என்று வளர்ந்தவன் நான். வழித்துச் சாப்பிட்டேன். அந்த வீட்டிலோ தட்டு வெறுமையானால் விருந்தாளிக்கு இன்னும் பசி என்று அர்த்தம். அவர் போட்டார், நான் வழித்தேன், மறுபடியும் போட்டார். மரியாதையில் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. விடிந்தபோது என்னால் எழும்பவே ஏலவில்லை. அவர் என்னைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, கூடையை எடுத்துவந்தார்.

டொக்டர் கடித்த வடையைத் தட்டிலேயே திருப்பி வைத்தார். சரி, கலியாணம் போச்சு, இனி ஆயுசுக்கும் லூயிஷாம் அறைதான் என்று நினைத்தேன். அழுகை வரப்பார்த்தது.

"அதுசரி" என்றாள் வதனி. "அவ பிறந்த ஊரில அவவுக்கே வழி காட்டினனீங்களோ?"

"ஓம். சும்மா தூக்கிக்கொண்டு போக விட வெக்கமாக் கிடந்தது. ஏதாவது உதவி செய்வம் எண்டு..."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு இவரே போதும், அப்பா" என்றாள்.

எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது அவள்தான். நான் பக்கத்தில் லண்டன் வரைபடத்தை விரித்துக்கொண்டு, "லெப்டில திரும்பும்" என்பேன். உடனே பின்சீட்டிலிருந்து மகள் கத்துவாள்:

"அம்மா, கூடை கதைக்குது!"

வதனி வலப்பக்கம் திருப்புவாள். வீடு வந்துவிடும்.